கவுதாரி மார்க் காரச்சேவு

லண்டன்
9 மார்ச் 2025

அன்புத் தங்கை பாண்டிச்செல்விக்கு,

அண்ணன் கதிரவன் எழுதுவது. இங்கே நான், உன் மதினி அழகுமீனா, பிள்ளை ஓவியா மூன்று பேரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? கண் புகைச்சலாக இருக்கிறது என்றாளே, டாக்டரிடம் காட்டினீர்களா?

ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் முகம் பார்க்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். காரியமாகத்தான் எழுதுகிறேன். விளையாட்டாக ஆரம்பித்த காரச்சேவு இப்போது மூன்று தமிழ்க் கடைகளில் போகிறது. உன் மதினி பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு நம் பக்கத்துக் காரத்திலேயே பிழிகிறாள். இதுவரை வெறும் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்தோம். பேரும் படமும் இருந்தால் தீபாவளிக்கு இன்னும் நிறைய எடுப்போம் என்கிறார்கள் கடைக்காரர்கள். கூடப்பிறந்தவள் திருத்தங்கல் அச்சாபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊர் உலகத்துக்கெல்லாம் லேபிள் போடும்போது நான் வெளியாளிடம் போனால் அம்மா என்னைச் செருப்பால் அடிப்பாள். பெயர், படம், கலர், எழுத்து எல்லாம் நீயே யோசித்துச் செய்.

போனில் தெரிகிற மஞ்சள் வேறு, காகிதத்தில் விழுகிற மஞ்சள் வேறு என்று நீதான் சொல்வாய். அதனால் அடித்துப் பார்த்த தாளையே பார்சலில் அனுப்பு. கூடவே கடிதம் வை. பார்சலை நண்பர் முனியராஜ் கடைக்கு அனுப்பினால் போதும். பகலில் நாங்கள் யாரும் வீட்டில் இருப்பதில்லை.

இதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

உங்கள் நினைவாகவே இருக்கும்,
கதிரவன்


திருத்தங்கல்
26 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வி எழுதுகிறேன். நாங்கள் நலம். மதினியும் ஓவியாவும் குளிர் தாங்குகிறார்களா? அம்மாவின் கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம். மதுரையில் ஆபரேஷனுக்கு ஜூன் மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு மூன்று தரம் படித்தேன். மூன்றாவது தரம் எதிர்வீட்டுப் பஞ்சம்மாள் அத்தையும் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆகையால் நீ எதை எழுதினாலும் தெருவுக்கே எழுதுகிறாய் என்று நினைத்துக்கொள்.

காரச்சேவு என்றதும் எனக்குக் கை பரபரத்தது. தினமும் வெடி லேபிளில் தீப்பொறி வரைந்தே சலித்துப் போனவள் நான். எங்கள் முதலாளி சீனிவாசகம் ஐயா ஒரு கணக்கு வைத்திருக்கிறார். "பேரை எவன் படிக்கான்? கிளி மார்க்கு குடு, மான் மார்க்கு குடுன்னுதான் கடையில கேப்பான். மார்க்கு கண்ணுல ஒட்டணும்" என்பார். அதை மனதில் வைத்து மூன்று மாதிரி அடித்து வைத்திருக்கிறேன். ஒன்று மிளகாய்ப் பழம். இன்னொன்று கவுதாரி, நம் கரிசல் காட்டில் புதருக்குள் ஓடுமே அந்தக் குருவி. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அம்மாவின் படம். வெடி ஆலைக்குக் கட்டிப்போவாளே அந்தப் பச்சைச் சேலையோடு எடுத்து வரைந்தேன். மேலே "முருகம்மாள் காரச்சேவு". அம்மா பார்த்துவிட்டு, "எம் மூஞ்சிய ஒட்டுனா நமத்துப் போகும்டி" என்றாள். ஆனால் தாளைக் கையை விட்டு இறக்கவில்லை.

பின்பக்கம் அடியில் ஒரு கட்டம் விட்டிருக்கிறேன். அதில் தயாரிப்பவர் பெயரும் முழு விலாசமும் வர வேண்டும். எழுதி அனுப்பு.

பாசமுள்ள தங்கை,
பாண்டிச்செல்வி


லண்டன்
20 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

நலம். அம்மாவின் கண் நல்லபடியாகத் தெளிய வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன்.

மூன்றையும் விரித்துப் பார்த்தோம். உன் கைக்கு என்ன குறை? மூன்றும் நன்றாக இருக்கின்றன. ஆனால் ஆள் படம் வேண்டாம் செல்வி. அம்மா பெயரும் வேண்டாம். இங்கே அது எடுபடாது. கவுதாரி இருக்கட்டும். ஓவியா அதைப் பார்த்ததும் கோழிக்குஞ்சு என்று கையைத் தட்டினாள். கழுத்துக்குக் கீழே இன்னும் கொஞ்சம் சிவப்பு சேர்.

அடியில் உள்ள கட்டத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிடு. நான் இங்கே ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொள்கிறேன்.

ஓவியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லித் தருகிறார்கள். அத்தைக்கு என்று ஒன்று எழுதி, என்னைக்கூடப் பார்க்கவிடாமல் அவளே கவரை ஒட்டிவிட்டாள். இதனுள் வைத்திருக்கிறேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.
கதிரவன்


திருத்தங்கல்
7 மே 2025

அண்ணனுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். நீங்கள் மூவரும் இருப்பீர்கள்.

ஓவியாவின் கடிதத்தைப் பார்த்து உருகிப்போனேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன ஒழுங்கு! மேல் மூலையில் வீட்டு எண், தெரு, ஊர், தபால் குறியெண் எல்லாம் வரிவரியாக. கீழே இரண்டே வாக்கியம், ஒரு பூனைப் படம். அதை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உன் கடிதம்தான் தொண்டையில் நிற்கிறது. ஆள் படம் எடுபடாதா, அம்மா படம் எடுபடாதா? சத்தமாகப் படிக்கும்போது அந்த வரியை விழுங்கியிருக்க வேண்டும். வேகத்தில் படித்துவிட்டேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பஞ்சம்மாள் அத்தைதான், "சீமைக்குப் போனா பெத்தவ மூஞ்சி கசக்கத்தானே செய்யும்" என்றாள். நம்மூர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வருவாய் என்று வருஷாவருஷம் சொல்லி, ஒவ்வொரு வருஷமும் ஓட்டலில் சீசன் என்றாய். 

கவுதாரிக்குச் சிவப்பு சேர்த்து, மஞ்சளையும் கொஞ்சம் மாற்றி அடித்த தாளைக் கூட வைத்திருக்கிறேன். விலாசக் கட்டத்தை வெறுமையாக விட முடியாது. பேரும் ஊரும் இல்லாத லேபிளை சீனிவாசகம் ஐயா மெஷினில் ஏற்றமாட்டார். நானும் ஏற்றமாட்டேன். விலாசம் அனுப்பு.

செல்வி


லண்டன்
15 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

சுகம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ பேசியபோது சொன்னது பெரிய ஆறுதல். பக்கத்தில் இருக்க முடியவில்லை. வேலை அப்படி.

கோபப்படாதே. அம்மாவைக் குறைத்து நினைக்கிற பிள்ளையா நான்? சில விஷயங்களை எழுத்தில் விளக்க முடியாது. புதிய மஞ்சள் ரொம்பப் பொருத்தம், அதையே வைத்துக்கொள். கவுதாரி மார்க் என்ற பெயரும் இருக்கட்டும். கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கட்டும். உன் முதலாளியிடம் ஏதாவது சொல்லிச் சமாளி.

மதினி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.
கதிரவன்


திருத்தங்கல்
3 ஜூலை 2025

அண்ணே,

நலம் விசாரிக்க இன்று மனசில்லை. இந்தக் கடிதத்தை அம்மாவுக்குத் தெரியாமல் அச்சாபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சமாளி என்கிறாய். அப்பா செத்தபோது நீ பத்தொன்பது வயது ஆம்பிளை, எனக்குப் பதின்மூன்று. காட்டுக்குள் லைசென்ஸ் இல்லாமல் வெடி செய்த அந்தத் தகரக் கொட்டகையில் அப்பாவோடு நான்கு பேர் கரிக்கட்டையாகக் கிடந்தார்கள். சுற்றிலும் பாதி எரிந்த வெடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வண்ண வண்ணமாகப் படம். விசாரிக்க வந்த அதிகாரி பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "ஒண்ணுலயும் பேரில்லையேம்மா, யார் மேல கேஸ் எழுதுறது?" அம்மா அந்த மனுஷனின் காலில் விழுந்தாள். கொட்டகை யாருடையது என்று கடைசிவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நம் அப்பா நாகையா என்று ஒரு ஆள் இருந்தார், செத்தார். பொறுப்புச் சொல்ல ஒருவன் இல்லை.

நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எந்த லேபிளை எடுத்தாலும் முதலில் அடியில் உள்ள கட்டத்தைத்தான் பார்ப்பேன். படத்துக்கு அப்புறம் வருவேன். அப்பாவின் பிள்ளை நீ, பேரைப் போடாதே என்கிறாய். பேர் போடக் கூச்சமா? வெடி ஆலைக்காரி மகன் என்று தெரிந்துவிடுமா? உண்மையான காரணம் என்னவோ அதை எழுது. அதுவரை அச்சுக்குப் பிளேட் போடமாட்டேன்.

பாண்டிச்செல்வி


திருத்தங்கல்
22 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நலம். புதுக் கண்ணால் தெருமுனையில் போகிறவனின் சட்டைக் கிழிசலைக்கூடச் சொல்கிறாள். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

ஏழு வாரமாயிற்று, உன் பதில் வரவில்லை. வீடியோவில் பேசும்போது நீ அதைத் தொடவில்லை, அம்மா பக்கத்தில் இருந்ததால் நானும் கேட்கவில்லை. ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகக் கொடுக்கிற அவசரத்தில் அச்சாபீஸே தலைகீழாகக் கிடந்தது. அது முடிந்து ஒருநாள் சும்மா உட்கார்ந்திருந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பிழைக்கப் போன இடத்தில் அண்ணன் என்ன பாடுபடுகிறானோ, சாமான் வந்து சேர்ந்தால் அவன் முகம் மலரும், அதைவிட்டு நான் வீம்பு பிடிக்கிறேனே என்று நினைத்தேன். தீபாவளியும் நெருங்கிவிட்டது.

அதனால் ஐயாயிரம் லேபிளை அடித்துவிட்டேன். கட்டத்தை வெறுமையாக விடவில்லை. நீ கொடுக்காவிட்டால் என்ன, எனக்கு விலாசம் கொடுக்க ஓவியா இருக்கிறாளே! அவள் கடிதத்தில் இருந்ததை ஒரு எழுத்து பிசகாமல் போட்டுவிட்டேன். மேலே "தயாரிப்பவர்: நா. கதிரவன்". முதல் தாள் மெஷினை விட்டு வந்ததும் சீனிவாசகம் ஐயா வாங்கிப் பார்த்து, "ஒங்கண்ணன் பேரு அம்சமா ஒக்காந்திருக்குத்தா" என்றார். அம்மாவின் விரலைப் பிடித்து உன் பேர் மேல் வைத்துக் காட்டினேன். நம் குடும்பத்தில் அச்சில் ஏறிய முதல் பேர் உன்னுடையது அண்ணே. சண்டையெல்லாம் மறந்துவிடு.

ஒட்டின பாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புத் தங்கை,
பாண்டிச்செல்வி


லண்டன்
10 செப்டம்பர் 2025

செல்வி,

இதை அம்மாவுக்குப் படிக்காதே. பஞ்சம்மாள் அத்தை வாசலில் இருந்தால் கவரையே பிரிக்காதே.

உன்மேல் எனக்குக் கோபமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் ஜூலைக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுதத் தெரியவில்லை. அன்றே எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

எங்களுக்கு இங்கே இருக்க அனுமதி இல்லை. நான் சமையல் வேலைக்கு வந்த ஓட்டலை இழுத்து மூடிவிட்டார்கள். அந்த வேலையோடு விசாவும் போயிற்று. திரும்பி வந்திருக்கலாம். அப்போது மதினி வயிற்றில் ஓவியா ஏழு மாதம். பிறக்கட்டும் என்று இருந்தோம், நடக்கட்டும் என்று இருந்தோம், அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. பெரிய ஓட்டலில் மாஸ்டர் என்று உங்களிடம் சொன்னதெல்லாம் பொய். குடோனில் பெட்டி தூக்குகிறேன். என் பேரில் போன் இல்லை, வீட்டு வாடகைச் சீட்டு இல்லை. பங்குனிப் பொங்கலுக்கு வரவில்லை என்று வருத்தப்பட்டாய். வந்தால் திரும்ப விடமாட்டார்கள் செல்வி. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று குடோன் கழிப்பறையில் போய் அழுதேன்.

இங்கேயே பிறந்து ஏழு வருஷம் முழுசாக வளர்ந்த பிள்ளைக்காக விண்ணப்பம் போடலாம், கிடைக்க வழி இருக்கிறது என்று ஒரு வக்கீல் சொன்னார். ஜனவரியில் ஓவியாவுக்கு ஏழு முடிகிறது. அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும். அம்மாவின் முகத்தையோ பேரையோ வைத்து யாரும் என்னைக் கண்டுபிடித்துவிடக் கூடாது, இதுதான் காரணம். அம்மாவின் முகத்தில் எனக்கு என்ன கூச்சம்? அவள் படம் போட்ட அந்தத் தாளைப் பீரோவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

லேபிள் வந்த அன்று நான் குடோனில் இருந்தேன். முனியராஜ் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மதினி அடுப்பில் நின்றாள், முன்பக்கக் கவுதாரியைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று திரும்பிக்கொண்டாள். ஓவியா உட்கார்ந்து அறுபது பாக்கெட்டில் ஒட்டியிருக்கிறாள். கடை வேன் வந்து எடுத்துப் போய்விட்டது. நான் உள்ளே நுழைந்ததும் ஓடிவந்து, "அப்பா, பாக்கெட்டுல நம்ம வீடு இருக்கு!" என்றாள். 

மூன்று கடைக்கும் ஓடினேன். நாற்பத்தொன்றைத் திருப்பி வாங்கினேன். பத்தொன்பது யார் யார் வீட்டுக்கோ போய்விட்டது. லைசென்ஸ் இல்லாத அடுப்பு, அனுமதி இல்லாத ஆள், எல்லாவற்றுக்கும் விலாசம் அச்சடித்துக் கொடுத்தாயிற்று. முனியராஜும் பயந்துபோய், "அண்ணே, எங்கடைக்குப் பார்சல் வரட்டும், ஆனா கடை பேரு எதுலயும் வரக் கூடாது" என்கிறார். அவர் பிழைப்பு அவருக்கு.

மிச்ச லேபிள்களில் கறுப்பு மார்க்கரால் அழித்துக்கொண்டிருக்கிறோம். நேற்று ஓவியா பக்கத்தில் நின்று, "ஏன்ப்பா நம்ம வீட்ட அழிக்கிறீங்க?" என்று கேட்டாள். நீ அப்பாவைப் பற்றி எழுதியது ஒவ்வொரு கோட்டுக்கும் நினைவு வருகிறது. நானும் அந்தக் கொட்டகைக்காரன் மாதிரி ஆகிவிட்டேன். கதவை யார் தட்டினாலும் மதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுகிறாள்.

அம்மாவிடம் வேலை அதிகம் என்று மட்டும் சொல்.

கதிரவன்


திருத்தங்கல்
27 செப்டம்பர் 2025

அண்ணே,

மதினியும் ஓவியாவும் பத்திரமா? அதைத் தவிர வேறு எதையும் கேட்க எனக்கு வாய் இல்லை. நல்லது செய்கிறேன் என்று உன் தலையில் கொள்ளி வைத்துவிட்டேன். பிள்ளையின் கடிதத்தைப் பார்த்துப் போட்டேனே, அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

நீ சொன்னபடி மறைத்தேன். பகல் பொழுதில், வீட்டில் யாரும் இல்லாதபோது அம்மாவிடம் உட்கார்ந்து, சுகம், வேலை அதிகம், லேபிள் நன்றாக இருக்கிறது என்று நாலு வரி படிக்கிற மாதிரி ஒப்பித்தேன். அம்மா என் கையில் இருந்த தாளை வாங்கி எண்ணினாள். "நாலு தாளு எழுதிருக்கான். நீ முக்கால் தாளுகூடப் படிக்கல. எனக்கு எழுத்துதான் தெரியாது, இப்பக் கண்ணு தெரியும்டி" என்றாள். பிறகு என்னால் முடியவில்லை. முழுவதையும் படித்தேன். அம்மா அழவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, எழுது என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏலே கதிரவா, நல்லாருக்கியா. இத்தன வருசமா நீ வராததுக்கு நான் என்னென்னமோ நெனச்சுட்டேன். பெத்தவ மூஞ்சி பிடிக்கலையோன்னுகூட நெனச்சேன், என்னைய மன்னிச்சிரு. ஒங்க அப்பனப் பத்தி இவ எழுதுனத மனசுல வச்சுக்காத. அன்னைக்குப் பேரு இல்லாததால நாம அழுதோம், நெசந்தான். இன்னைக்குப் பேரு இருந்தா எம் பேத்தி அழுவா. செத்தவுகளுக்காக இருக்கிறவுகளக் காட்டிக்குடுக்க முடியாது. அழிச்சிரு. எல்லாத்தையும் அழி. தை மாசம் முடியட்டும், சித்திரை முடியட்டும், எம்புட்டு நாளானாலும் அங்கனயே இரு. அம்மா கண்ண மூடுறதுக்குள்ள வந்துரணும்னு நெனக்காத. நான் செத்தாலும் வராத. செல்வி கொள்ளி வைப்பா, நான் அவட்டச் சொல்லிட்டேன். தெருவுல கேட்டா எம் மவன் பெரிய கம்பெனி வச்சிருக்கான்னு சொல்லிக்கிறேன். ஒரு லேபிளு எங்கிட்ட இருக்கு."

இவ்வளவுதான் சொன்னாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

செல்வி


திருத்தங்கல்
11 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நலம். நீங்கள் எங்கே இருந்தாலும் நலமாக இருக்க வேண்டும்.

இரண்டு ஞாயிறாக வீடியோ வரவில்லை. பயந்துபோய் முனியராஜ் அண்ணனுக்குப் போன் போட்டேன். "பத்திரமா இருக்காக. பயந்துக்கிட்டு வீடு மாத்திட்டாக. வேற ஒண்ணும் கேக்காதீகம்மா" என்று வைத்துவிட்டார். இப்போது உன் விலாசம் எனக்கே தெரியாது.

கறுப்பு மை பூசிய லேபிளைக் கடையில் எவனாவது உற்றுப் பார்த்தால் எதையோ மறைத்தது தெரிந்துபோகும். அதனால் புதிதாகவே அடித்து முனியராஜ் அண்ணன் கடைக்கே அனுப்புகிறேன். கவுதாரி, மஞ்சள் எல்லாம் பழையபடியே. கம்ப்யூட்டரில் உன் பேரைத் தேய்த்து எடுத்தேன். அதற்கடுத்து விலாசம். கடைசியில் வெறும் கட்டம் இருந்தது, அதையும் எடுத்தேன். கட்டம் இருந்தால்தானே காலியாக இருப்பது தெரியும்.

சீனிவாசகம் ஐயாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சிவகாசியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை மெஷின் வைத்திருக்கிற ஒரு ஆளிடம் கொண்டுபோனேன். அவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "எம்புட்டு வேணும், எப்ப வேணும்" என்று மட்டும் கேட்டார். அடித்து முடிக்கும்வரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். 

அப்பா செத்த இடத்தில் கிடந்த அந்தப் பெட்டிகளை இப்படி ஒரு மெஷினில்தான் ஓட்டியிருப்பார்கள். அதற்கும் ஒருத்தர் இப்படித்தான் தாளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்திருப்பார். பதினாலு வருஷமாக நான் சபிக்காத நாள் இல்லை அந்த ஆளை. லேபிள் கட்டுகளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது பஸ் ஸ்டாப் வரைக்கும் யார் முகத்தையும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை அண்ணே.

ஐயாயிரம் இருக்கிறது. தீபாவளிக்குப் போதும். தீர்ந்தால் சொல், இன்னும் அடித்து அனுப்புகிறேன்.

உன் தங்கை,
பாண்டிச்செல்வி